மதுரையிலிருந்து கடலோரம்: சின்னப் பிள்ளைகளோடு தங்க இடம் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

மதுரைப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கமில்லை. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. கடலோர ஊர்ப் பிள்ளைகள் நடை பழகும்போதே அலை வந்தால் பின்வாங்கப் பழகிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் அலையைப் பார்த்ததும் அதை நோக்கி ஓடுவார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு இரண்டு மூன்று நாள் கடற்கரையில் தங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. லீவு வருகிறது, ஆஃபரில் ஒரு ரிசார்ட் கிடைக்கிறது, உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். அதன் முன்னால் கிடக்கும் கடல் எப்படிப்பட்டது, அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதெல்லாம் போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. அலை பெரிதாக இருந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூமுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடப்பதிலேயே லீவு தீர்ந்துவிடும். அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கடல், அடுத்து மாதம், விடுதி அதற்கப்புறம்.

முதல் படி: எந்தக் கடல்?

சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ராமநாதபுரம் மாவட்டத்தைத்தான். அங்கே இரண்டு கடல் இருக்கிறது. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெருங்கடலிலிருந்து உருண்டு வரும் நீளமான அலைகளை இலங்கையும் தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் மணல் திட்டுகளும் மறித்துவிடுகின்றன. அதனால் வடக்குக் கரையில் பல இடங்களில் தண்ணீர் குளம் போலக் கிடக்கும்.

உச்சிப்புளி அருகே இருக்கும் அரியமான் அப்படிப்பட்ட கடற்கரை. குஷி பீச் என்றும் சொல்வார்கள். சவுக்குத் தோப்பு இருப்பதால் கரையிலேயே நிழல் உண்டு. பிள்ளைக்குச் சோறு ஊட்டவும், தூங்கினால் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைக்கவும் இந்த நிழல்தான் உதவும். தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போன பிறகும் பெரியவர்களுக்கு முட்டளவுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் மட்டும் கூட்டம். படகும் வாட்டர் ஸ்கூட்டரும் குளிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து போகும். அந்த நாட்களில் போனால் நுழைவு வாசலிலிருந்து கரையோரமாகக் கொஞ்சம் தள்ளி நடந்து உட்காருங்கள்.

ராமேஸ்வரம் ஊருக்குள் இருக்கும் அக்னி தீர்த்தத்திலும் அலை பெரிதாக இருக்காது. ஆனால் அது தீர்த்தமாடும் இடம். எந்நேரமும் கூட்டம் இருக்கும், தண்ணீருக்குள் விடப்பட்ட துணிகள் காலில் சுற்றும். கோயிலுக்குப் போகிற அன்று பிள்ளையைத் தூக்கி ஒரு முழுக்குப் போடுவது சரி, விளையாட விட ஏற்ற இடம் இல்லை. தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு வரலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளையும் இரண்டு பக்கக் கடலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அங்கே நீரோட்டம் பலமானது, நிழல் கிடையாது, சாயங்காலத்துக்குப் பிறகு வண்டிகளை அனுமதிப்பதும் இல்லை. ‘தனுஷ்கோடி பீச்சுக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் செய்கிற விடுதியால் சின்னப் பிள்ளைக்காரர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

தூத்துக்குடி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரத் தோதான ஊர். முத்துநகர் கடற்கரை, ரோச் பூங்கா இரண்டும் சாயங்காலம் பிள்ளைகளை ஓட விட நல்ல இடங்கள். துறைமுகத்துப் பக்கம் இருக்கும் முயல் தீவும் அப்படித்தான்.

திருச்செந்தூரில் கடல் கோயிலை ஒட்டியே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். பெரியவர்களே வழுக்கி விழுவார்கள். சாமி கும்பிடப் போகிற பயணமாக அதை வைத்துக்கொண்டு, கடலில் விளையாடுகிற பயணத்துக்கு வேறு ஊர் பார்க்கலாம்.

கன்னியாகுமரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், சூரிய உதயம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் அது பார்க்கிற கடல், இறங்குகிற கடல் இல்லை. முனையில் பாறைகள். மேற்கே சொத்தவிளை, கணபதிபுரம் பக்கம் மணல் அகலமாக, படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அலை உயரம். தூரத்துக் கடலில் எழும்பும் அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையில் ஏறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் இப்படி அலை எழுந்த நாளில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்த நிலைமை. அங்கே தங்குவதானால் கடலைப் பார்க்கிற மாடி அறை, நல்ல குழந்தைகள் குளம் என்று தேடுங்கள். கடலில் இறங்கும் திட்டம் வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த மாதம்?

பெண் கடல் என்று சொன்னதை எல்லா மாதத்துக்கும் பொருத்தக் கூடாது. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்கு மேல் வாடைக்காற்று தொடங்கினால் தலைகீழ். வடக்குக் கரையில் அலை அடிக்கும், தெற்குக் கரை அமைதியாகும். அதாவது கோடை லீவிலும் காலாண்டு லீவிலும் வடக்குக் கரை விடுதி. அரையாண்டு லீவில் போவதானால் விடுதிக்காரரிடம் ‘இப்போ கடல் எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் வரும் என்பதால், பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

எனக்குப் பிடித்த காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் என்றால் வார நாளிலேயே போய்விடலாம், வாடகையும் குறைவாக இருக்கும். மே மாதம் போயே ஆக வேண்டும் என்றால் காலை எட்டரைக்குள் ஒரு முறை, சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒரு முறை, அவ்வளவுதான் கடற்கரை. நடுவில் மணல் பிள்ளைகளின் பாதத்தைச் சுட்டுவிடும்.

இன்னும் இரண்டு தேதிக் கணக்கு இருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரமும், கந்த சஷ்டி, வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூரும் நிரம்பி வழியும். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல். கடலோரம் போய் நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு தூரம்?

சாலை வழியாக மதுரையிலிருந்து தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர், ராமேஸ்வரம் சுமார் 170, திருச்செந்தூர் 180-ஐ ஒட்டி, கன்னியாகுமரி சுமார் 245. அரியமான் ராமேஸ்வரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் பயணம் இன்னும் குறையும். மூன்று வயதுக்குள் பிள்ளை இருந்தால் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிற ஊரை முதல் பயணத்துக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் பாதி வழி தூங்கிக்கொண்டே வருவார்கள்.

ரயிலையும் யோசித்துப் பாருங்கள். பழைய பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டு, ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் போகிறது. கப்பல் வந்தால் நடுவில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது. இரண்டு பக்கமும் கடல் தெரிய ஜன்னலோரம் உட்கார்ந்து போவது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். ரயிலில் போனால் ஊருக்குள் சுற்ற ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நான்காம் படி: மேப்பில் பார்ப்பது

இப்போதுதான் விடுதி. விடுதிக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு, மேப்பில் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறங்கள். கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ரோடு இருந்தால், ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும். கருங்கல் கொட்டிய தடுப்பு தெரிந்தால் அங்கே மணலே இருக்காது. வரிசையாகப் படகுகள் தெரிந்தால் அது மீன் இறங்குதளம். கயிறு, தூண்டில் முள், டீசல் எண்ணெய் எல்லாம் கரையில் கிடக்கும், கருவாடு காயும் வாடையும் வரும். அது மீனவர்களின் வேலையிடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் விளையாட ஏற்றதல்ல, அவ்வளவே. பக்கத்தில் சதுரம் சதுரமாகக் குட்டைகள் இருந்தால் உப்பளமோ இறால் பண்ணையோ இருக்கும்.

‘கடலைப் பார்த்த அறை’ என்பதும் ‘கடற்கரையில் அறை’ என்பதும் ஒன்றல்ல. அலைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் இருக்கின்றன. எனவே முறைப்படி கட்டிய புதிய விடுதிகளிலிருந்து கடலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டித்தான் இருக்கும். ஐந்து நிமிட நடை என்றால் நல்லது. அதற்கு மேல் என்றால் வாளி, துண்டு, தண்ணீர் பாட்டில், பிள்ளை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு நாலு நடை நடக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரிவ்யூ. புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, தங்கியவர்கள் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். குளத்தின் நிறம், பாத்ரூம் தரை, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் அந்தப் படங்களில்தான் உண்மையாகத் தெரியும்.

ஐந்தாம் படி: போன் போட்டுப் பேசுவது

எத்தனை ஆப் வந்தாலும், ரிசப்ஷனில் இருக்கிறவரோடு பத்து நிமிஷம் பேசுவதற்கு ஈடில்லை. நீச்சல் குளத்திலிருந்து தொடங்குங்கள். நாம் கடலைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் விடுதிக்குள் இருக்கும் குளத்துக்குப் பிள்ளை தன் காலாலேயே, யாரும் பார்க்காத ஒரு நிமிஷத்தில், சத்தமில்லாமல் போய்விட முடியும். தண்ணீரில் தவறி விழும் சின்னப் பிள்ளை கத்தாது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு உலகளவில் நான்காவது பெரிய காரணம் நீரில் மூழ்குவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

“அண்ணே, குளத்தைச் சுத்தி கம்பி வேலி போட்டு கேட் வச்சிருக்கீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். “பயமே இல்ல சார், எங்க பசங்க பாத்துக்குவாங்க” என்று பதில் வந்தால் வேலி இல்லை என்று அர்த்தம். பிள்ளைகள் குளம் தனியாக இருக்கிறதா, எத்தனை அடி ஆழம், பெரிய குளத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒட்டியிருக்கிற குளத்தில் ஒரு படி தாண்டினால் ஆழம் மாறிவிடும். தாமரைக் குட்டை, திறந்த தொட்டி, கிணறு வளாகத்துக்குள் உண்டா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேலியில்லாத குளத்துக்கு எதிரிலேயே கதவு திறக்கும் அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

அறையைக் கேட்கும்போது தரைத்தளம் கேளுங்கள். மாடி என்றால் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையுமா, பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி கிடக்குமா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் உடனே அனுப்புகிற விடுதியை நம்பலாம். கைக்குழந்தை இருந்தால் “ரூம்ல தொட்டில் கட்ட கொக்கி இருக்கா?” என்பது முக்கியமான கேள்வி. சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகிய பிள்ளை மெத்தையில் தூங்காது, பிள்ளை தூங்காவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கொக்கி இல்லை என்றால் ஸ்டாண்ட் தொட்டில் கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேனில் மட்டும் கட்ட வேண்டாம்.

தண்ணீர் விஷயம் ராமநாதபுரம் கரையில் பெரிய விஷயம். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குளிக்க வருவது எந்தத் தண்ணீர் என்று விசாரியுங்கள். கடலில் ஆடிவிட்டு வந்து உப்புத் தண்ணீரிலேயே குளித்தால், டயப்பர் போடும் பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கு சிவந்துவிடும். உப்புத் தண்ணீர்தான் என்றால் கடைசியாக உடம்பில் ஊற்ற ஒரு கேன் நல்ல தண்ணீர் வாங்கி வைத்துவிடலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் ஓடுமா, ஃபேனுக்கு மட்டுமா என்பதும் கோடையில் கேட்க வேண்டியது. ஜன்னலில் கொசுவலை இருக்கட்டும்.

சாப்பாட்டில் பெரிய பட்டியல் எதுவும் தேவையில்லை. காலை ஏழரைக்குள் இட்லி கிடைக்குமா, ராத்திரி பால் காய்ச்சித் தருவார்களா, காரமில்லாமல் பருப்பு சோறோ ரசம் சோறோ கேட்டால் செய்வார்களா, இந்த மூன்றுக்கும் சரி என்று வந்தால் போதும். காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட் ஒன்பது மணிக்குத்தான் என்றால் நம் பிள்ளைகளுக்கு அது பயன்படாது. ரூமில் கெட்டில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கடைசியாக ஒரு கேள்வி: ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? ரிசப்ஷனில் இருக்கிறவர் யோசிக்காமல் பதில் சொன்னால் அந்த விடுதிக்கு மார்க் கூடுதல். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் விடுதியிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று மேப்பில் பார்த்து வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: காசு

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சொல்கிற விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். ஐந்து வயது வரை பிள்ளைக்கு இலவசமா, தாத்தா பாட்டி வந்தால் எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் ஊர்களில் சில விடுதிகளில் 24 மணி நேரக் கணக்கு, ரிசார்ட்டுகளில் பகல் பதினொன்று பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, அந்த விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: போய் இறங்கியதும்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அறையைச் சுற்றிப் பாருங்கள். பாத்ரூம் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் அதன் மேல் துண்டைக் கட்டிவிடலாம், உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள முடியாது. கீழ்மட்டத்தில் இருக்கும் பிளக் பாயிண்டுகளுக்கு முன்னால் கட்டிலையோ பெட்டியையோ நகர்த்துங்கள். ஹீட்டர் தண்ணீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று முதலில் உங்கள் கையில் பாருங்கள்.

பிறகு பிள்ளை இல்லாமல் ஒரு முறை கரைக்குப் போய் வாருங்கள். அந்த ஊர் மீனவர் யாராவது இருந்தால் “அண்ணே, பிள்ளைகளை எங்க இறக்கலாம்?” என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடம்தான் சரியான இடம். “இன்னைக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னால் அன்றைக்கு மணல் விளையாட்டு மட்டும். அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் வழி அது.

தண்ணீரில் இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். கை நீட்டினால் தொடுகிற தூரம், கையில் போன் இல்லாமல். ‘எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், அதனால் யாருடைய முறை என்று பெயர் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் டியூப் பாதுகாப்புச் சாமான் அல்ல. கரையிலிருந்து காற்று அடித்தால் பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். படகில் ஏறுவதானால் பிள்ளையின் எடைக்குத் தகுந்த லைஃப் ஜாக்கெட் தந்தால் மட்டும் ஏறுங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே போகும், பிள்ளை கீழே போகும்.

மத்தியான வெயிலுக்கு ஒரு திட்டம் வைத்திருங்கள். பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் மீன் காட்சியகம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வாழும் உயிரினங்களைக் கண்ணாடிக்குள் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்த நாள் திறந்திருக்கும் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜெல்லி மீன், மீனவர்கள் சொறி என்பார்கள், கரையில் ஒதுங்கிக் கிடந்தால் பிள்ளைகள் கையால் எடுக்கப் பார்ப்பார்கள். செத்தது போலக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் மணலால் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையைச் சுரண்டாமல் ஒரு இடுக்கியால் எடுத்துவிடுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடலில் யாராவது சிக்கிக்கொண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் போகிற எல்லாருடைய போனிலும் ஏற்றி வையுங்கள், தாத்தா பாட்டியின் பட்டன் போன் உட்பட.